டிஸ்க்கில் இடமில்லை... 14 கார் ஆலைகள் நின்றன! தொழிற்சாலை சர்வருக்கு ஸ்டோரேஜ் எப்படிப் பொருத்துகிறார்கள்?

‘ஸ்டோரேஜ் ஃபுல்’ என்று போனில் மெசேஜ் வந்தால் என்ன செய்வோம்? குட் மார்னிங் படங்களையும் பழைய வீடியோக்களையும் அழித்துவிட்டு வேலையைப் பார்ப்போம். 2023 ஆகஸ்ட் 29 அன்று ஏறக்குறைய இதே சிக்கல் ஜப்பானில் டொயோட்டாவுக்கு வந்தது. அந்நாட்டில் உள்ள அதன் 14 கார் ஆலைகளில் 28 அசெம்பிளி லைன்கள் நின்றுபோயின.

முதலில் ‘சைபர் தாக்குதலா?’ என்றுதான் எல்லோரும் கேட்டார்கள். இல்லை. இரண்டு நாள் முன்பு, ஆகஸ்ட் 27 அன்று, வழக்கமான பராமரிப்பு வேலை நடந்தது. டேட்டாபேஸில் சேர்ந்துகிடந்த தகவல்களை அழித்து ஒழுங்குபடுத்தும்போது டிஸ்க்கில் இடம் போதவில்லை, சிஸ்டம் நின்றது. சரி, மாற்று சர்வர் இருக்குமே? இருந்தது. ஆனால் அதுவும் அதே சிஸ்டத்தில் ஓடியதால், அதே கோளாறு அங்கேயும் வந்தது. பெரிய கொள்ளளவு கொண்ட சர்வருக்குத் தகவல்களை மாற்றிய பிறகுதான் மறுநாள் வேலை தொடங்கியது.

இந்தக் கதை ஒரகடத்துக்கு எதற்கு? சிங்கப்பெருமாள் கோவிலில் இருந்து ஸ்ரீபெரும்புதூர் போகும் சாலையில் ஒரு நாள் காலை ஷிஃப்ட் நேரத்தில் போய்ப் பாருங்கள், புரியும். இருங்காட்டுக்கோட்டையில் 1998 முதல் ஹூண்டாய் கார் தயாரிக்கிறது. ஒரகடத்தில் ரெனோ-நிசான் ஆலை 2010-ல் திறக்கப்பட்டது. டைம்லரின் லாரி ஆலை 2012-ல், ராயல் என்ஃபீல்டு 2013-ல். இவற்றைச் சுற்றி சீட், கண்ணாடி, வயரிங், டயர் என்று உதிரிபாக ஆலைகள். பாகங்களை மாதக்கணக்கில் குடோனில் அடுக்கிவைக்கும் காலம் போய்விட்டது. எந்த வண்டிக்கு எந்தப் பாகம், எந்த நேரத்தில் என்று சர்வர் சொல்லச் சொல்ல லாரிகள் வருகின்றன. சர்வர் வாயை மூடினால் லைனும் மூடும்.

அந்த சர்வருக்குப் பின்னால் தகவலைச் சுமந்து நிற்பதுதான் ‘ஸ்டோரேஜ் அரே’. பல டிஸ்க்குகளை ஒன்றாகக் கட்டி, ஒரே பெரிய டிஸ்க் போலக் காட்டும் பெட்டி.

கிளவுடில் போட்டால் போதாதா?

நியாயமான கேள்வி. பல நிறுவனங்கள் கணக்கு வழக்கு, ஈமெயில் எல்லாவற்றையும் கிளவுடுக்கு மாற்றிவிட்டன. ஆனால் லைனில் போல்ட் முடுக்கும் மெஷினின் தகவல், கேமராவின் தரச்சோதனைப் படம் ஆகியவை நொடிக்கு நொடி எழுதப்பட வேண்டும். சாலை விரிவாக்கத்துக்குத் தோண்டும் ஜேசிபி, ஒரு ஃபைபரை அறுத்துவிட்டால் இண்டர்நெட் போகலாம். லைன் நிற்கக் கூடாது. அதனால்தான் ஆலை வளாகத்துக்குள்ளேயே ஒரு ஏசி அறையும், அதில் இரண்டு மூன்று ரேக்குகளும் இன்னும் இருக்கின்றன.

‘240 டிபி வாங்கினோம், 182தான் காட்டுது!’

பொருத்துவதற்கு முன்பே வரும் முதல் பஞ்சாயத்து இது. உங்கள் 128 ஜிபி போனை கம்ப்யூட்டரில் செருகினால் 119 சொச்சம் காட்டும் இல்லையா? அதே கணக்குதான். டிஸ்க் கம்பெனி 1,000-ஆல் பெருக்குகிறது, கம்ப்யூட்டர் 1,024-ஆல் வகுக்கிறது.

இன்னொரு கழிவும் உண்டு. 20 டிபி டிஸ்க் 12 வாங்கினால் 240 டிபி. ஆனால் ஒரு டிஸ்க் செத்தாலும் தகவல் சாகக் கூடாது. அதற்காக ‘ரெய்டு’ என்ற முறை. 1988-ல் பெர்க்லியைச் சேர்ந்த பேட்டர்சன், கிப்சன், காட்ஸ் மூவரும் எழுதிய ஆய்வுக் கட்டுரையில் பிரபலமான பெயர் இது. ‘ரெய்டு 6’ போட்டால் இரண்டு டிஸ்க் அளவு இடம் பாதுகாப்புக்குப் போய்விடும். ஆனால் எந்த இரண்டு டிஸ்க் ஒரே நேரத்தில் போனாலும் தகவல் பிழைக்கும். மீதி 200 டிபி. அதை 1,024 கணக்கில் மாற்றினால் சுமார் 182.

எதற்கு இரண்டு, ஒன்று போதாதா என்று கேட்கலாம். செத்துப்போன 20 டிபி டிஸ்க்குக்குப் பதில் புதியதைச் செருகினால், அதில் தகவலை முழுசாக மறுபடி எழுத வேண்டும். நொடிக்கு 200 எம்பி என்ற நல்ல வேகத்தில் எழுதினாலே 27 மணி நேரத்துக்கு மேல் ஆகும். லைனும் ஓடிக்கொண்டிருந்தால் இன்னும் கூடும். அந்த நேரத்தில் ஒரே வயதுள்ள, ஒரே லாட்டில் வந்த இன்னொரு டிஸ்க்கும் கண்ணை மூடினால்? அதற்குத்தான் இரண்டு.

கீழிருந்து மேலே

ரேக் என்பது 19 அங்குல அகலத்துக்கு அளவெடுத்த இரும்பு அலமாரி. உயரத்தை ‘யு’ என்ற அளவில் சொல்வார்கள். 1யு என்றால் 44.45 மில்லிமீட்டர். சாதாரணமாக ஒரு ரேக்கில் 42யு இருக்கும். 2யு பெட்டியில் பெரிய டிஸ்க் என்றால் 12, சின்னது என்றால் 24 கொள்ளும். 84 டிஸ்க் கொள்ளும் 5யு பெட்டிகளும் உண்டு. டிஸ்க்குகளோடு சேர்த்து அது 100 கிலோவைத் தாண்டும்.

அதனால் கனமானது கீழே, லேசானது மேலே. மாற்றிச் செய்தால், ரயிலில் பெட்டியை முன்னால் இழுக்கும்போது ரேக்கே ஆள் மேல் சாயும். பெரிய பெட்டிகளை டிஸ்க்கைக் கழற்றிவிட்டுத்தான் தூக்க வேண்டும். ரயிலில் உட்கார்ந்த பிறகு டிஸ்க்குகளை ஒவ்வொன்றாகச் செருக வேண்டும். ‘ரெண்டு பேர் இருக்கோம்ல, தூக்கிடலாம்’ என்ற வீரம் இங்கே வேண்டாம்.

உண்மையான வேலை கேபிளில்தான்

பெட்டியை ஏற்றுவது உடல் வேலை. மூளைக்கு வேலை இனிமேல்தான். ஒரு வரியில் விதி இது: எதுவும் ஒற்றையாக இருக்கக் கூடாது.

முதலில் மின்சாரம். ஒவ்வொரு பெட்டிக்கும் பின்னால் இரண்டு பவர் சப்ளை இருக்கும். ஒன்று ஏ பக்க யுபிஎஸ்ஸுக்கு, இன்னொன்று பி பக்க யுபிஎஸ்ஸுக்குப் போக வேண்டும். கேட்க எளிது. ஆனால் அவசரத்தில், கிட்டத்தில் இருக்கும் ஒரே பவர் ஸ்ட்ரிப்பில் இரண்டையும் செருகிவிடுவது இந்தத் தொழிலின் மிகப் பழைய தவறு. இரண்டு பச்சை விளக்கும் எரியும், எல்லோரும் கைகுலுக்கிவிட்டுப் போவார்கள். ஒரு நாள் அந்த ஒரு ஸ்ட்ரிப் ட்ரிப் ஆகும்போதுதான் உண்மை தெரியும்.

அடுத்து, டிஸ்க் பெட்டிகளுக்கும் கட்டுப்பாட்டுப் பெட்டிக்கும் இடையே ஓடும் ‘சாஸ்’ கேபிள். கட்டுப்பாட்டுப் பெட்டிக்குள் இரண்டு கன்ட்ரோலர்கள் இருக்கும். நான்கு டிஸ்க் பெட்டிகள் இருப்பதாக வைத்துக்கொள்வோம். முதல் கன்ட்ரோலரின் கேபிள் ஒன்றாவது பெட்டிக்குப் போய், அங்கிருந்து இரண்டு, மூன்று, நான்கு என்று இறங்கும். இரண்டாவது கன்ட்ரோலரின் கேபிளும் அப்படியே இறங்கினால் என்ன தப்பு? இரண்டாவது பெட்டி மொத்தமாகப் போனால், மூன்றும் நான்கும் இரண்டு கன்ட்ரோலருக்கும் எட்டாது. அதனால் இரண்டாவது கேபிளை நான்காவது பெட்டியில் தொடங்கி மேலே ஏற்றுவார்கள். இப்போது நடுவில் ஒரு பெட்டி போனாலும், மேலே இருப்பதை ஒருவர் பார்ப்பார், கீழே இருப்பதை இன்னொருவர் பார்ப்பார். ஒரே எண்ணிக்கை கேபிள், ஒரே செலவு. போட்ட திசை மட்டும்தான் வேறு. (எல்லா மாடலுக்கும் இதே படம் பொருந்தாது. தயாரிப்பாளரின் கையேட்டைப் பார்க்காமல் கை வைக்காதீர்கள்.)

மூன்றாவது, சர்வர்களுக்குப் போகும் பாதை. பெரும்பாலும் கடல்நீல நிற ஃபைபர். இரண்டு தனித்தனி ஸ்விட்ச்கள். ஒவ்வொரு சர்வரில் இருந்தும் இரண்டுக்கும் தலா ஒரு கேபிள். இந்த இரண்டு ஸ்விட்சையும் ஒன்றோடொன்று இணைக்க மாட்டார்கள். ஒன்றில் வரும் கோளாறு மற்றதற்குத் தொற்றக் கூடாது என்பதுதான் காரணம்.

அந்த ஃபைபரில் ஒளி போகும் நடுப்பகுதி 50 மைக்ரான்தான். நம் தலைமுடியைவிட மெல்லியது. முனையில் ஒரு தூசி உட்கார்ந்தால் போதும், இணைப்பு வரும், போகும், மறுபடி வரும். முழுசாக அறுந்துபோன கேபிளைவிட இப்படி ‘வந்து வந்து போகும்’ கேபிள் ஆட்களை அதிகம் அலையவிடும். டிப்பர் லாரிகள் ஓடும் நம் சாலையோரத்தில் தூசிக்குப் பஞ்சமா? மூடியைக் கழற்றியதும், துடைக்கும் பேனாவால் ஒரு முறை சுத்தம் செய்துவிட்டுத்தான் செருக வேண்டும். ஒளி வருகிறதா என்று கண்ணை வைத்துப் பார்ப்பது கூடவே கூடாது, அது லேசர்.

லேபிள் இரு முனையிலும் வேண்டும். நைலான் டையால் இறுக்கிக் கட்டினால் ஃபைபர் நசுங்கும், வெல்க்ரோ போதும்.

டிஸ்க்கைப் பார்த்துக் கத்தினால்?

சிரிக்காதீர்கள், செய்து பார்த்திருக்கிறார்கள். 2008-ன் கடைசியில் பிரெண்டன் கிரெக் என்ற பொறியாளர், ஓடிக்கொண்டிருந்த டிஸ்க்குகளைப் பார்த்து உரக்கக் கத்த, டிஸ்க்கின் வேகம் குறைவது திரையில் அப்படியே தெரிந்தது. வீடியோ இன்றும் பிரபலம். 2016 செப்டம்பரில் ருமேனியாவின் புக்கரெஸ்டில் ஐஎன்ஜி வங்கி தீயணைப்பு ஒத்திகை நடத்தியது. வாயு பீறிட்ட சத்தத்திலேயே டிஸ்க்குகள் கெட்டு, சுமார் 10 மணி நேரம் சேவை முடங்கியது.

பிரஸ் ஷாப்பில் தகட்டை அடிக்கும் அதிர்வு பக்கத்துக் கட்டடத் தரையிலும் தெரியும். சர்வர் அறைக்கு ‘காலியா ஒரு ரூம் இருக்கு, அங்க வெச்சுக்கலாம்’ என்று இடம் ஒதுக்கும்போது இதை யாராவது ஒருவர் சொல்ல வேண்டும். சுழலும் பாகமே இல்லாத எஸ்எஸ்டி என்றால் இந்தக் கவலை பெரும்பாலும் இல்லை, விலைதான் கவலை.

2015 டிசம்பர் மறந்துவிடவில்லையே?

செம்பரம்பாக்கம் ஏரி இந்தத் தொழில் பகுதியின் பக்கத்தில்தான் இருக்கிறது. அந்த மழையில் ஹூண்டாய், ஃபோர்டு, ரெனோ-நிசான், ராயல் என்ஃபீல்டு ஆலைகள் உற்பத்தியை நிறுத்தின. மறைமலை நகரில் உள்ள அச்சகத்துக்கு ஊழியர்கள் போக முடியாததால், ‘தி இந்து’ ஆங்கில நாளிதழ் 1878-ல் தொடங்கியதில் இருந்து முதல் முறையாக டிசம்பர் 2 அன்று சென்னையில் அச்சாகவில்லை. சர்வர் அறை தரைத்தளத்தில் வேண்டாம், ஜெனரேட்டர் அடித்தளத்தில் வேண்டாம் என்று சொல்வது இதனால்தான்.

ரெய்டு இருக்கிறதே என்று இங்கே நிம்மதியாக இருக்க முடியாது. டிஸ்க் செத்தால்தான் ரெய்டு காப்பாற்றும். வெள்ளம், தீ, தவறுதலாக அழித்தது, ரான்சம்வேர்... எதற்கும் அது உதவாது. வேறு இடத்தில் ஒரு நகல் வேண்டும். 40 கிலோமீட்டர் தள்ளி வைத்தால் ஃபைபரில் ஒளி போய்த் திரும்ப 0.4 மில்லி விநாடிதான் ஆகும். அதனால் இரண்டு இடத்திலும் ஒரே நேரத்தில் எழுதுவது சாத்தியமே. ஆனால் அப்படி எழுதினால், தப்பாக அழித்ததும் அதே நேரத்தில் அங்கேயும் அழியும். டொயோட்டாவில் மாற்று சர்வர் கைகொடுக்காத கதையை மேலே பார்த்தோமே. எனவே பழைய தேதியிட்ட பேக்கப் தனியாக ஒன்று இருந்தே ஆக வேண்டும்.

பிடுங்கிப் பாருங்கள்

எல்லாம் செருகியாச்சு. ஆன் செய்வதிலும் வரிசை உண்டு: முதலில் டிஸ்க் பெட்டிகள், பிறகு கன்ட்ரோலர், கடைசியில் சர்வர்கள். கன்ட்ரோலர் முதலில் விழித்துக்கொண்டால், ‘டிஸ்க்கைக் காணோம்’ என்று புகார் எழுதிவிடும். அணைக்கும்போது இதே வரிசை தலைகீழாக.

பச்சை விளக்கு வந்ததும் கையெழுத்துப் போட்டுவிடாதீர்கள். உற்பத்தித் தகவலை ஏற்றும் முன், சர்வரில் இருந்து ஒரு பெரிய ஃபைலை எழுதவிட்டு, ஏ பக்க மின்சாரத்தை நிறுத்தச் சொல்லுங்கள். பிறகு ஒரு சாஸ் கேபிள். பிறகு ஒரு ஃபைபர். பிறகு ஒரு டிஸ்க். ஒவ்வொன்றாக, முந்தையதைத் திரும்பச் செருகி எல்லாம் சரியானது என்று திரை சொன்ன பிறகே அடுத்தது. ஒவ்வொரு முறையும் ஓர் ஆரஞ்சு விளக்கு எரிய வேண்டும், பொறுப்பாளருக்கு மெயில் போக வேண்டும், ஃபைல் எழுதுவது நிற்கக் கூடாது. பலரும் பார்க்க மறப்பது நடுவில் உள்ளதைத்தான். மெயில் மூன்று வருஷம் முன்பு வேலையை விட்டுப் போனவரின் முகவரிக்குப் போய்க்கொண்டிருக்கலாம்.