உங்களுக்குத் தெரியுமா? பிரிட்டன் வாசலில் மே, ஜூன்

ஜூன் மாதத்தில் லண்டனில் காலை 4.45-க்கெல்லாம் சூரியன் உதித்துவிடும், இரவு 9.20 வரை மறையாது. குளிரில் மாதக்கணக்கில் அடங்கிக் கிடந்த உயிர்களெல்லாம் இந்தப் பதினாறரை மணி நேரப் பகலில் கூடு, முட்டை, குஞ்சு என்று அவசர அவசரமாகக் குடும்பம் நடத்தும். பிள்ளைகளைப் பார்க்க மே, ஜூனில் அங்கே போகும் நம்மூர்ப் பெற்றோரும் சரி, அங்கேயே குடியிருப்பவர்களும் சரி, இதைக் காண டிக்கெட் வாங்கிக்கொண்டு எங்கும் போக வேண்டாம். கொல்லைப்புறமும் தெருமுனைப் பூங்காவும் போதும். விடியலிலிருந்து இரவு வரை வரிசையாகப் பார்ப்போமா?

விடியல்

● மே மாதத்தில் சூரியன் எழுவதற்கு ஏறக்குறைய ஒரு மணி நேரம் முன்பே பறவைக் கச்சேரி தொடங்கிவிடும். முதலில் குரல் கொடுப்பவை பிளாக்பேர்ட், ராபின், சாங் த்ரஷ். வெளிச்சம் ஏற ஏற மற்றவை சேர்ந்துகொள்ளும். இரை தேட வெளிச்சம் போதாத நேரம் அது. காற்றும் அடங்கியிருப்பதால் குரல் வெகுதூரம் போகும். பாடுபவை பெரும்பாலும் ஆண் பறவைகள். ‘இது என் எல்லை’ என்று மற்ற ஆண்களுக்கும், ‘இங்கே வா’ என்று பெண்ணுக்கும் ஒரே பாட்டில் சொல்லிவிடுகின்றன. மே மாத முதல் ஞாயிறு இந்தக் கச்சேரியைக் கேட்பதற்கென்றே உலக நாளாகக் கொண்டாடப்படுகிறது. ஜூன் கடைசியில் பாட்டு தேய்ந்துவிடும்.

● அந்தக் கச்சேரியில் காதைத் துளைக்கும் குரல் ஒன்று கேட்டால், அது ‘ரென்’ ஆக இருக்கலாம். எடை பத்து கிராம்தான், இரண்டு தேக்கரண்டி சர்க்கரை அளவு! புதருக்குள் வாலைத் தூக்கிக்கொண்டு நிற்பதால் கண்ணில் படுவது அரிது. ஆனால் பிரிட்டனில் இனப்பெருக்கம் செய்யும் பறவைகளில் எண்ணிக்கையில் முதலிடம் இதற்குத்தான்: சுமார் 1 கோடியே 10 லட்சம் ஜோடி. பென்னியில் கால் பங்கு மதிப்புள்ள ஃபார்திங் நாணயத்தில் 1937 முதல் இந்தக் குட்டிப் பறவைதான் இடம்பிடித்திருந்தது.

● சாங் த்ரஷ் பறவையை அடையாளம் காண ஒரு எளிய வழி: எந்தச் சுரத்தைப் பாடினாலும் இரண்டு மூன்று முறை திருப்பிப் பாடிவிட்டுத்தான் அடுத்ததற்குப் போகும். தோட்டத்தில் ஒரு கல்லைச் சுற்றி உடைந்த நத்தை ஓடுகள் குவிந்து கிடந்தால், அதுவும் இதன் வேலைதான். நத்தையை அலகால் கவ்வி, கல்லில் ஓங்கி ஓங்கி அடித்து உடைத்துத் தின்னும்.

● ஹாம்ப்ஷரில் செல்போர்ன் என்ற சிற்றூரின் பாதிரியார் கில்பர்ட் ஒயிட். பார்த்தால் ஒன்றுபோலவே இருக்கும் மூன்று சின்னப் பறவைகள் வெவ்வேறு இனங்கள் என்று 18-ஆம் நூற்றாண்டிலேயே சொன்னவர். பிரித்தறிய அவருக்குக் கைகொடுத்தது அவற்றின் பாட்டு. சொந்த ஊரின் வயலையும் வேலியையும் வருடக்கணக்கில் கவனித்து அவர் எழுதிய நூல் 1789-இல் வெளியானது. இன்றும் அச்சில் இருக்கிறது.

● 2015-இல் நடந்த வாக்கெடுப்பில் பிரிட்டனின் தேசியப் பறவையாக மக்கள் தேர்ந்தெடுத்தது ராபினை. அரசு அறிவிப்பு இல்லை. மக்கள் தீர்ப்பு மட்டுமே. ஜூனில் உங்கள் தோட்டத்தில் ராபின் போலவே நடந்துகொள்ளும், ஆனால் மார்பில் சிவப்பே இல்லாத புள்ளிப் பறவை ஒன்று வந்தால் குழம்ப வேண்டாம். அது ராபினின் குஞ்சு. செம்மார்பு சண்டைக்கு அழைக்கும் கொடி என்பதால், அது இல்லாதவரை பெரியவர்கள் குஞ்சை அடித்து விரட்டுவதில்லை.

முற்பகல்: தோட்டம்

● புளூ டிட் ஒரே ஈட்டில் எட்டுமுதல் பன்னிரண்டு முட்டைவரை இடும். ஒரு குஞ்சு நாளொன்றுக்கு நூறு புழுக்கள் வரை தின்னும். பத்துக் குஞ்சென்றால் ஆயிரம் புழு! இலைப்புழுக்கள் மலியும் நாட்களில்தான் குஞ்சுகளும் பசித்திருக்க வேண்டும். அந்தக் கணக்கு ஒரு வாரம் பிசகினாலும் கூட்டில் பட்டினிதான். மூளைக்காரப் பறவையும்கூட: வாசலில் வைத்த பால் புட்டியின் மூடியைக் கொத்தித் திறந்து ஆடையைத் தின்றதாக 1921-இல் சவுத்தாம்ப்டன் அருகே ஸ்வேத்லிங்கில் முதலில் பதிவானது. பின்னர் நாடு முழுவதும் டிட் பறவைகளிடையே இந்தப் பழக்கம் பரவிவிட்டது.

● செடித்தண்டில் யாரோ எச்சில் துப்பியதுபோல் வெள்ளை நுரை ஒட்டியிருக்கும். அதன் பெயர் ‘குக்கூ ஸ்பிட்’, அதாவது குயில் எச்சில். குயிலுக்கும் இதற்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. குயில் கூவும் காலத்தில் தோன்றுவதால் வந்த பெயர். ஒரு புல்நுனியால் நுரையை மெல்ல விலக்கிப் பாருங்கள். இளம்பச்சை நிறத்தில், கறுப்புப் பொட்டுக் கண்களோடு, அரிசிமணியை விடச் சிறிய பூச்சி ஒன்று தலைகீழாகத் தண்டில் வாய் வைத்து உறிஞ்சிக்கொண்டிருக்கும். உறிஞ்சிய சாற்றைப் பின்பக்கமாக வெளியேற்றி, அதில் காற்றை அடைத்துக் குமிழாக்குகிறது. வெயிலில் காயாமலும் எதிரி கண்ணில் படாமலும் இருக்க அதுதான் வீடு. பார்த்து முடித்ததும் விட்டுவிடுங்கள். சில நிமிடங்களில் மறுபடி நுரை கட்டிக்கொள்ளும். வளர்ந்தபின் இந்தப் பூச்சியின் நீளம் 6 மில்லிமீட்டர். தாவும் உயரமோ 70 சென்டிமீட்டர்!

● ஜூனில் வேலியோரங்களில் ஆளுயரத்துக்கு ஊதாக் கொத்தாக நிற்கும் ஃபாக்ஸ்குளோவ் செடியருகே ஐந்து நிமிடம் நில்லுங்கள். பம்பிள் தேனீ வந்ததும் அடிப்பூவில்தான் இறங்கும். உள்ளே நுழையும்போது ரீங்காரம் அடங்கும். பூ லேசாக ஆடும். பின்பக்கமாக நகர்ந்து வெளியே வந்து அடுத்த மேல்பூவுக்குப் போகும். காரணம் உண்டு. கீழே மலர்ந்து முதிர்ந்த பூக்களில் தேன் அதிகம். அவை மகரந்தம் ஏற்கும் நிலையில் இருக்கும். மேலே புதிதாக மலர்ந்தவை மகரந்தம் தரும் நிலையில் இருக்கும். உச்சிப்பூவில் தூளைப் பூசிக்கொண்டு அடுத்த செடிக்குப் பறக்கும் தேனீ, அங்கே அடிப்பூவில் அதைச் சேர்த்துவிடுகிறது. தேனுக்கான வழியையே செடி தனக்கு வேண்டியபடி அமைத்திருக்கிறது!

● அதே செடிதான் இதய மருந்தும். பர்மிங்காமில் பணியாற்றிய மருத்துவர் வில்லியம் விதரிங், ஃபாக்ஸ்குளோவ் பற்றிய தம் நூலை 1785-இல் வெளியிட்டார். இந்தக் குடும்பத்துச் செடியிலிருந்து எடுக்கும் டிகாக்சின் இன்றும் இதய நோயாளிகளுக்குத் தரப்படுகிறது. ஆனால் செடி முழுக்க நஞ்சு. குழந்தைகள் வாயில் வைக்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

● பிரிட்டனில் பம்பிள் தேனீக்கள் 24 வகை. ஒரு பூவில் கால் வைத்த தேனீ அங்கே ஒரு மெல்லிய வாசனையை விட்டுச் செல்கிறது. அந்தத் தடம் தன்னுடையதா, தன் கூட்டுச் சகோதரியுடையதா, அந்நியருடையதா என்று பம்பிள் தேனீயால் பிரித்தறிய முடியும் என்று பிரிஸ்டல் பல்கலைக்கழக ஆய்வு 2017-இல் காட்டியது. அண்மையில் யாரோ வந்து தேனெடுத்துப் போன பூவை விட்டு விலக இது உதவுகிறது.

● நம்மூர்ச் செந்தட்டி போல் தொட்டால் அரித்தெடுக்கும் நெட்டில் செடியைக் களை என்று பிடுங்கிவிட வேண்டாம். பீகாக், ஸ்மால் டார்ட்டாய்ஸ்ஷெல், ரெட் அட்மிரல் என்ற மூன்று அழகான பட்டாம்பூச்சிகளின் புழுக்களுக்கு அதுதான் சோறு. தோட்டத்தின் வெயில் படும் மூலையில் ஒரு கொத்து இருந்தால் போதும்.

● பெயின்டட் லேடி பட்டாம்பூச்சி வெப்பமண்டல ஆப்பிரிக்காவிலிருந்து வருகிறது. ஒரே பூச்சி முழுத்தூரமும் பறப்பதில்லை; வழியில் முட்டையிட்டு, பிள்ளையும் பேரனும் பயணத்தைத் தொடர்கின்றன. போய்வர ஏறக்குறைய 14,500 கிலோமீட்டர். அதற்குள் ஆறு தலைமுறை வரை மாறிவிடும். இலையுதிர்காலத்தில் அவை திரும்பிப் போவது நீண்ட காலம் யாருக்கும் தெரியவில்லை. கண்ணுக்கெட்டாத உயரத்தில் பறந்து போகின்றன என்று ரேடார் உதவியோடு 2012-இல் உறுதியானது.

பிற்பகல்: ஆறும் புல்வெளியும்

● மேஃபிளை பூச்சி ஆற்றின் அடியில் புழுப்பருவத்தை ஓரிரு வருடம் கழிக்கும். இறகு முளைத்து வெளியே வந்தபின் ஆயுள் ஒரு நாளோ சில நாட்களோதான். தின்பதற்கு வேலை செய்யும் வாய்கூட அப்போது இல்லை. இறகு வந்தபிறகும் இன்னொரு முறை தோலுரிப்பது பூச்சி இனத்திலேயே இது ஒன்றுதான். மே இறுதியில் ஹாம்ப்ஷரின் டெஸ்ட், இச்சன் போன்ற தெளிந்த சுண்ணாம்பு ஆறுகளின் மேல் இவை கூட்டமாக எழுந்து எழுந்து தாழும்.

● குளத்தில் அன்னத்தின் முதுகில் சாம்பல் நிறக் குஞ்சுகள் சவாரி போவதை மே, ஜூனில் காணலாம். திறந்த நீர்நிலைகளில் அடையாளமிடப்படாத மியூட் அன்னங்களுக்கு உரிமை கோரும் அதிகாரம் பிரிட்டிஷ் முடியாட்சிக்கு உண்டு. ஜூலையில் தேம்ஸ் நதியில் படகுகளில் போய் அன்னங்களைக் கணக்கெடுத்து, குஞ்சுகளின் உடல்நலம் பார்க்கும் சடங்கு ஆண்டுதோறும் நடக்கிறது.

● பிரிட்டனின் குயில் நம் குயிலுக்கு உறவு. நம் குயில் காக்கைக் கூட்டில் முட்டையிடும். அது ரீட் வார்ப்ளர், டன்னக் போன்ற சிறு பறவைகளின் கூட்டில் இடும். இங்கே போலவே அங்கும் நாம் கேட்கும் கூவல் ஆணுடையது. ஏப்ரலில் வரும் பெரிய குயில்கள் பல ஜூனிலேயே ஆப்பிரிக்காவுக்குக் கிளம்பிவிடுவதைச் செயற்கைக்கோள் கருவிகள் காட்டியிருக்கின்றன. பெற்றோரைக் கண்ணால் பார்த்தேயிராத குஞ்சு, பின்னர் தனியாக, யாரும் வழிகாட்டாமல் அதே கண்டத்துக்குப் பறக்கிறது.

மாலை

● சாயங்காலம் வீட்டுக்கூரைகளுக்கு மேல் கிறீச்சிட்டபடி அரிவாள் வடிவில் சீறிப்பாயும் கரிய பறவைகள் ‘ஸ்விஃப்ட்’. தமிழில் உழவாரன். நம்மூர்ப் பனை உழவாரனின் உறவினர். மே தொடக்கத்தில் வந்து மூன்றே மாதம் தங்கும். உண்பது, குடிப்பது, உறங்குவது எல்லாம் பறந்தபடியே. கூடு கட்டாத பத்து மாதமும் சில பறவைகள் ஒருமுறைகூடத் தரையிறங்கவில்லை என்று சுவீடனின் லுண்ட் பல்கலைக்கழகம் 2016-இல் கண்டறிந்தது. கூட்டிலிருக்கும் குஞ்சு, பறப்பதற்கு முன் இறகுகளைத் தரையில் ஊன்றி உடலைத் தூக்கித் தூக்கித் தண்டால் எடுக்கும்! பழைய வீடுகளின் கூரை இடுக்குகள்தான் இவற்றின் பிரசவ அறை. பழுதுபார்ப்பில் அந்த இடுக்குகளை அடைத்துவிடுவது இவை குறைந்துபோனதற்கு ஒரு காரணம். 2021-இல் பிரிட்டனின் சிவப்புப் பட்டியலில் உழவாரன் சேர்க்கப்பட்டது.

● தகைவிலான் குடும்பத்தைச் சேர்ந்த ஹவுஸ் மார்ட்டின், இறவாணத்துக்கு அடியில் சேற்றுருண்டைகளால் கிண்ணம் போலக் கூடு கட்டும். ஒரு கூட்டுக்கு ஏறக்குறைய ஆயிரம் வாய்ச் சேறு. வறண்ட மே மாதத்தில் தோட்டத்தில் கொஞ்சம் மண்ணை நனைத்து வைத்தால், அது அந்தக் குடும்பத்துக்குச் செங்கல் சூளை.

● தெற்கு லண்டனில் ஜூன் அந்தியில் ஹெலிகாப்டர் போல் இரைந்துகொண்டு பறந்துவரும் வண்டைக் கண்டு பயப்பட வேண்டாம். அது ஸ்டாக் பீட்டில். பிரிட்டனின் மிகப் பெரிய நில வண்டு. மான்கொம்பு போன்ற தாடையோடு ஆண் ஏழரை சென்டிமீட்டர் வரை வளரும். மட்கும் மரத்துக்குள் புழுவாக மூன்று முதல் ஏழு வருடம். வெளியே வந்தபின் ஒரு கோடை மட்டும். வெட்டிய மரத்தின் அடிக்கட்டையைத் தோண்டி எடுக்காமல் விட்டாலே இதற்கு வீடு கொடுத்த புண்ணியம்.

இரவு

● தெருவிளக்கடியில் வட்டமடிக்கும் பிப்பிஸ்ட்ரெல் வௌவாலின் எடை ஐந்து கிராம். ஒரே இரவில் மூவாயிரம் சிறு பூச்சிகள் வரை பிடிக்கும். இரை தேட அது எழுப்பும் ஒலி நம் காதுக்கு எட்டாது. அந்த ஒலியின் அதிர்வெண் வேறுபட்டதைக் கவனித்த பிறகுதான், ஒன்று என்று நினைத்த வௌவால் உண்மையில் இரண்டு இனம் என்று 1990-களில் தெரிந்தது.

● முள்ளெலிக்கு ஐயாயிரத்துக்கும் மேல் முட்கள். பிறக்கும்போது அவை தோலுக்கடியில் மறைந்திருக்கும், தாயைக் குத்தாது. சில மணி நேரத்தில் வெளியே வரும். தென்தமிழகத்து வறண்ட நிலங்களிலும் முள்ளெலி உண்டு; அது வேறு இனம். பிரிட்டனில் முள்ளெலி இரவில் ஒன்று இரண்டு கிலோமீட்டர் அலையும். வேலிகள் குறுக்கே நின்றால் பாவம், என்ன செய்யும்? வேலியடியில் 13 சென்டிமீட்டர் சதுரத்துக்கு ஒரு துவாரம் விட்டால் போதும். பாசத்தில் பால் மட்டும் வைக்காதீர்கள். செரிக்காமல் வயிற்றுப்போக்கு வரும். தண்ணீர்தான் நல்லது.

● 1942 மே 19 இரவு. சர்ரே மாவட்டத்துத் தோட்டம் ஒன்றில் நைட்டிங்கேல் பறவையின் பாட்டை நேரடியாக ஒலிபரப்ப பிபிசி தயாராக இருந்தது. அப்போது ஜெர்மனியைத் தாக்கப் புறப்பட்ட குண்டுவீச்சு விமானங்களின் இரைச்சல் எழுந்தது. ஒலிபரப்பினால் எதிரிக்கு எச்சரிக்கையாகிவிடும் என்று பொறியாளர் ஒலிபரப்பை நிறுத்தினார், பதிவை நிறுத்தவில்லை. விமானங்கள் தலைக்குமேல் போகப் போக, பறவை பாடிக்கொண்டே இருக்கிறது. அந்தப் பதிவை இன்றும் கேட்கலாம்.

நீங்கள் செய்யக்கூடியது

தோட்டத்தில் ஒரு பாய் அளவு புல்லை வெட்டாமல் விடுங்கள். ஆழமில்லாத தட்டில் தண்ணீர் வையுங்கள். பூச்சிமருந்தைத் தவிருங்கள். வேலியில் அந்த ஒரு சாண்கூட வராத துவாரத்துக்காக அண்டை வீட்டாரிடம் பேசுங்கள். பேரப்பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு நுரைக்குள் இருக்கும் பூச்சியைக் காட்டுங்கள், அவர்கள் மறக்கமாட்டார்கள். எல்லாவற்றுக்கும் நேரமில்லை என்றால், ஒரு மாலை மட்டும் வெளியே வந்து அண்ணாந்து பாருங்கள். ஆகஸ்ட் முதல் வாரத்துக்குள் உழவாரன்கள் போய்விடும்.