ஏரிக்கு வேண்டாம், தையல்கூடத்துக்கு வேண்டும்

கொல்லிமலைக்கு இன்னும் கூட்டம் சேர்க்க என்ன செய்யலாம் என்று யோசிப்பவர்கள், எழுபது கொண்டை ஊசி வளைவுகளையும் ஆகாய கங்கையையும் அறப்பளீஸ்வரரையும் எண்ணி முடித்ததும் வாசலூர்ப்பட்டி படகு இல்லத்தில் வந்து நிற்பார்கள். படகுச் சவாரி மட்டும் போதாது, சாகச விளையாட்டு வேண்டும் என்பது நம் மலை ஊர்கள் எல்லாவற்றுக்கும் பொதுவாகிவிட்ட ஆசை. கடந்த சில ஆண்டுகளில் உலகக் கடற்கரைகளில் வேகமாகப் பரவிய நீர் விளையாட்டு ‘விங் ஃபாய்ல்’. காற்றடித்த சிறகு ஒன்றைக் கையில் பிடித்துக்கொண்டு பலகையில் நிற்க வேண்டும். பலகைக்கு அடியில் ஒரு தண்டு தண்ணீருக்குள் இறங்கியிருக்கும். அதன் நுனியில் சிறிய இறக்கை. வேகம் பிடித்ததும் பலகை நீர்ப்பரப்பைவிட்டு மேலே எழும்பிப் போகும். மோட்டார் இல்லை, டீசல் இல்லை, புகை இல்லை. அதைக் கொல்லிமலை ஏரியில் இறக்கினால் என்ன என்று யாருக்காவது தோன்றினால் வியப்பில்லை. இறக்கக் கூடாது என்பது என் கட்சி. அந்தச் சிறகுக்கும் நாமக்கல் மாவட்டத்துக்கும் வேறொரு உறவு சாத்தியம். மலைக்குக் கீழே தறியும் தையல் எந்திரமும் ஓடும் ஊர்களில்தான் அதைத் தேட வேண்டும்.

முதலில் ஏரியை முடித்துவிடலாம். காற்றின் வேகம் இரட்டித்தால் அதன் தள்ளுவிசை நான்கு மடங்காகும். ஐந்து சதுர மீட்டர் சிறகு ஒன்றின் மேல் மணிக்கு 28 கிலோமீட்டர் காற்று வீசினால், தோராயக் கணக்கில் 18 கிலோ எடைக்குச் சமமான இழுப்பு கிடைக்கும். காற்று பாதியாகக் குறைந்தால் மிஞ்சுவது நாலரை கிலோதான். பலகையில் நிற்பவருக்கு ஒரு கணம் 18, அடுத்த கணம் நாலரை என்றால் விளையாட்டும் இல்லை, பாதுகாப்பும் இல்லை. மலைச்சரிவில் ஏறி, மேட்டிலும் மரங்களிலும் மோதி, சுழன்று இறங்கும் காற்று இப்படித்தான் இருக்கும். தவிர, 1,200 மீட்டர் உயரத்தில் காற்றின் அடர்த்தி கடல்மட்டத்தைவிடப் பத்து விழுக்காடு அளவுக்குக் குறைவு. இழுப்பும் அந்த அளவுக்குக் குறையும். சிறிய ஏரியில் வேகம் எடுப்பதற்குள் கரை வந்துவிடும். இந்த விளையாட்டுக்கான காற்று பாக் நீரிணையிலும் மன்னார் வளைகுடாவிலும் இருக்கிறது. கோடையில் தென்மேற்கிலிருந்தும் பனிக்காலத்தில் வடகிழக்கிலிருந்தும், தடுக்க மேடு பள்ளம் இல்லாமல், மணிக்கணக்கில் ஒரே சீராக வீசும் காற்று. சோழகம், கச்சான், கொண்டல், வாடை என்று அதைத் திசைவாரியாகப் பெயர் சொல்லிப் பிரித்தவர்கள் நம் மீனவர்கள். 1986இல் தூத்துக்குடிப் பக்கம் முள்ளக்காட்டில் காற்றாலை நிறுத்தியவர்களும் இந்தக் காற்றை நம்பித்தான் நிறுத்தினார்கள். ராமேஸ்வரத்தில் கைட் சர்ஃபிங் கற்றுத்தரும் பள்ளிகள் நடப்பதும் இதனால்தான். ஆகவே, விளையாட வேண்டிய இடம் கடல் என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. சிறகைத் தைக்க வேண்டிய இடம் எது என்பதுதான் கேள்வி.

சிறகின் பூர்வீகம் பட்டம். பிரான்ஸின் பிரிட்டனிப் பகுதியைச் சேர்ந்த புருனோ, டொமினிக் லெகேனூ சகோதரர்கள், முன்விளிம்பில் காற்றடைத்த குழாய் வைத்த பட்டத்துக்கு 1984 நவம்பரில் காப்புரிமை கேட்டார்கள். தண்ணீரில் விழுந்தாலும் மிதக்கும், மறுபடி எழும்பும் என்பது அதன் சிறப்பு. கையால் பிடிக்கும் சிறகுகளை எண்பதுகளிலேயே பலர் செய்து பார்த்தார்கள். கம்பும் துணியுமாக இருந்த அவை கனத்தன, தண்ணீரில் குத்தின, மறக்கப்பட்டன. நீரடி இறக்கை பரவலான பிறகுதான் சிறகுக்கு மறுவாழ்வு வந்தது. பலகை நீரைவிட்டு எழும்பிவிட்டால் உராய்வு வெகுவாகக் குறைகிறது; சிறிய இழுப்பே போதும்; சிறிய இழுப்புக்குக் கைவலு போதும். ஹவாய்த் தீவுகளில் ஒன்றான மாவியில் கென் வின்னர் டுவோடோன் நிறுவனத்துக்காக வடிவமைத்த சிறகு 2018இல் வெளியே தெரிந்தது. அடுத்த ஆண்டு ஸ்லிங்ஷாட், நைஷ் போன்ற நிறுவனங்களும் சந்தைக்கு வந்தன. ஆக, இது பழம்பெரும் தொழில் அல்ல. நாம் பிந்திவிட்டோம் என்று புலம்புகிற அளவுக்கு வயதும் அதற்கு ஆகவில்லை.

இந்தச் சிறகை வடிவமைப்பதில் கடினமான பகுதி எது? விமானத்தின் இறக்கையைப் போல வளைவுகளைக் கணிப்பது என்றுதான் பலரும் நினைப்பார்கள். அதுவும் உண்டு. நீளமும் ஒல்லியுமான இறக்கைதான் திறமையானது என்று விமானவியல் சொல்லும். ஆனால் மனிதத் தோள் உயரத்தில் பிடிக்கும் சிறகு அவ்வளவு நீண்டால் நுனி தண்ணீரில் இடறிவிடும். அதனால் குட்டையாக, அகலமாக, இரு பக்கமும் சற்று மேல்நோக்கி வளைந்ததாக வைக்கிறார்கள். முன்கைப்பிடியை மட்டும் பிடித்துவிட்டால் அது கொடியைப் போலப் பின்னால் அடங்கிப் பறக்க வேண்டும். அந்த மேல்வளைவு இல்லாவிட்டால் புரண்டு அடிக்கும். இவையெல்லாம் ஓரளவு தெரிந்த சமாச்சாரங்கள். உண்மையான சிக்கல் முன்விளிம்புக் குழாய். சிறகின் முதுகெலும்பு அதுதான். அதற்குள் இருப்பதோ வெறும் காற்று. எட்டு பிஎஸ்ஐ அழுத்தத்தில் 20 சென்டிமீட்டர் விட்டமுள்ள குழாய் ஒன்று, ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு ஒரு மீட்டர் தள்ளி எடை தொங்கவிட்டால், சுமார் 9 கிலோவில் சுருங்கி மடங்கத் தொடங்கும். இந்தத் தாங்குவலு அழுத்தத்தோடு நேர்விகிதத்தில்தான் உயர்கிறது. ஆரத்தோடு மும்மடி விகிதத்தில் உயர்கிறது. விட்டத்தை 24 சென்டிமீட்டராக்கினால் அதே குழாய் 15 கிலோ தாங்கும். அப்படியானால் பருமனாகவே செய்துவிடலாமே என்றால், பருத்த குழாய் காற்றைக் கிழிக்காமல் இடித்துக்கொண்டு போகும், சிறகு மந்தமாகும். நடுவில் தடித்து நுனியில் மெலிய வேண்டும், எங்கே எவ்வளவு மெலிய வேண்டும் என்பதில்தான் வடிவமைப்பாளரின் கைவரிசை இருக்கிறது.

குழாய்க்குள் இருக்கும் அழுத்தத்தைத் தாங்குவது துணி. மேலே சொன்ன 20 சென்டிமீட்டர் குழாயில், ஒவ்வொரு சென்டிமீட்டர் அகலத் துணியையும் ஐந்தரை கிலோவுக்கு மேற்பட்ட விசை சுற்றுவாட்டில் ஓயாமல் இழுத்துக்கொண்டே இருக்கிறது. குழாயின் நீள மூட்டில் விழும் தையலின் ஒவ்வொரு சென்டிமீட்டரும் அதே சுமையைச் சுமக்க வேண்டும். வளைந்த, நுனி மெலிந்த குழாயை நேரான துணியிலிருந்து உருவாக்க, விளிம்பு வளைந்த பல துண்டுகளை வெட்டி ஒன்றோடொன்று தைக்கிறார்கள். ஒரு மூட்டுக்கு ஒரு மில்லிமீட்டர் பிசகினால் பத்து மூட்டில் ஒரு சென்டிமீட்டர். இடப்பக்கமும் வலப்பக்கமும் அந்த அளவுக்கு வேறுபட்டால் சிறகு ஒரு பக்கம் சாயும். பிடிப்பவரின் ஒரு தோள் மட்டும் வலிக்கும். உள்ளே காற்றைப் பிடித்துவைக்கும் மெல்லிய பாலியூரித்தேன் பை, வெளித்துணியின் அளவுக்குச் சரியாகப் பொருந்தாவிட்டால், பைதான் சுமையை ஏற்கும், ஏற்றால் வெடிக்கும். கனடாவின் அலூலா போன்ற புதிய பொருள்கள் குழாயை இலேசாக்கி விறைப்பைக் கூட்டியிருக்கின்றன என்பது உண்மைதான். ஆனால் அவற்றையும் யாரோ ஒருவர் மில்லிமீட்டர் பிசகாமல் இணைத்தாக வேண்டும். இந்தப் பொருளின் தரம் கணினித் திரையில் பாதியும் தையல்கூடத்தில் பாதியும் நிர்ணயமாகிறது என்று நான் சொல்வதற்கு இதுவே ஆதாரம்.

இப்போது கொல்லிமலையின் அடிவாரத்துக்கு வருவோம். அதே நாமக்கல் மாவட்டத்தில் பள்ளிபாளையமும் குமாரபாளையமும் விசைத்தறி ஊர்கள். நாமக்கல்லில் லாரிக்குக் கூடு கட்டுகிறார்கள். பக்கத்துக் கரூர் வீட்டு உபயோகத் துணிக்கும் கொசுவலைக்கும் பேர்பெற்றது. திருப்பூரில் கணினி வழி துணி வெட்டும் எந்திரம் புதுமையல்ல. கோயம்புத்தூரில் தென்னிந்திய ஜவுளி ஆராய்ச்சிச் சங்கமான சிட்ராவும், தொழில்துறைத் துணிகளுக்கான சிறப்பு மையத்தை நடத்தும் பிஎஸ்ஜி தொழில்நுட்பக் கல்லூரியும் இருக்கின்றன. மத்திய அரசு 2020இல் 1,480 கோடி ரூபாயில் தேசியத் தொழில்நுட்ப ஜவுளி இயக்கத்தைத் தொடங்கியது. துணி, தையல், சோதனைக்கூடம், பணம் எல்லாம் ஒரு வட்டத்துக்குள் கிடக்க, நாம் தைப்பது பெரும்பாலும் பனியனும் படுக்கை விரிப்பும்தான். கடல் தாண்டிப் பார்த்தால் எதிர்மாறான காட்சி. இலங்கையின் மினுவாங்கொடையில் நார்த் செயில்ஸ் நிறுவனத்தின் பாய்த் தொழிற்சாலை இயங்குகிறது. உலகின் பந்தயப் படகுகளுக்கு அங்கே பாய் தயாராகிறது. ஆயத்த ஆடையில் பழகிய கைகளை அந்த நாடு ஒரு படி மேலே ஏற்றிவிட்டது. அதற்கு வடக்கே கற்பிட்டியில் உலகெங்கிலுமிருந்து கைட் சர்ஃபிங் ஆட்கள் வந்து குவிகிறார்கள். நமக்கும் ராமேஸ்வரம் இருக்கிறது, கொங்கு நாட்டுத் தையலும் இருக்கிறது. இரண்டையும் இணைக்கும் சாலையில் ஓர் இரவுப் பயணம்தான். இரண்டும் ஒன்றையொன்று அறியாமல் இருப்பதுதான் குறை.

அருகில் இருப்பதால் வேறொரு ஆதாயமும் உண்டு. பெரும்பாலான சிறகுகள் ஐரோப்பாவையும் ஹவாயையும் மனதில் வைத்து வடிவமைக்கப்பட்டவை. காலை 27 டிகிரியில் எட்டு பிஎஸ்ஐ அடைத்த சிறகு, நம் மணலில் கிடந்து உள்காற்று 50 டிகிரிக்குச் சூடானால், அழுத்தம் 9.7 பிஎஸ்ஐ வரை ஏறும். ஐந்தில் ஒரு பங்கு கூடுதல் சுமை. அதுவும் வெயிலில் பசை இளகி வால்வு விட்டுக்கொடுக்கும் நேரத்தில். வெளிர்நிறத் துணி, அதிக அழுத்தத்தைத் தானே வெளியேற்றும் வால்வு, வெயில் தாங்கும் நூல் என்று இந்த வெப்பத்துக்கென்றே ஒரு சிறகை வடிவமைக்க இடம் இருக்கிறது. தைத்ததை மறுநாள் கடலில் சோதித்து, அதற்கு அடுத்த நாள் பிரித்துத் தைக்கக்கூடியவர்களால்தான் அது முடியும்.

மறுப்புகள் வரும். சந்தை எங்கே என்பது முதலாவது. நியாயமான கேள்வி, இந்தியாவில் இந்த விளையாட்டை ஆடுபவர்கள் சிலரே. ஆனால் சிறகைத் தைக்கத் தெரிந்த கூடத்துக்குச் சிறகு மட்டுமே பிழைப்பு அல்ல. காற்றடைத்த மீட்புப் படகு, வெள்ள நிவாரண மிதவை, பாராகிளைடர் எல்லாவற்றிலும் இதே மூட்டு, இதே வெப்ப ஒட்டு, இதே அழுத்தக் கணக்கு. கான்பூரின் பாராசூட் தொழிற்சாலை 1941 முதல் இயங்குகிறது. ஆக்ராவின் பாதுகாப்பு ஆய்வுக்கூடம் வாயு நிரப்பிய கண்காணிப்புப் பலூன்களை உருவாக்கியிருக்கிறது. உயிரை நம்பி ஒப்படைக்கும் தையல் இந்த நாட்டுக்குப் புதிதல்ல. அது தனியார் சிறுதொழிலுக்கு இறங்கி வரவில்லை, அவ்வளவே. இரண்டாவது மறுப்பு: சிறப்புத் துணி இறக்குமதிதானே? ஆமாம், தொடக்கத்தில் அப்படித்தான் இருக்கும். இலங்கையும் துணியை நெய்துவிட்டுப் பாய் தைக்கத் தொடங்கவில்லை. மூன்றாவது, காப்புரிமை. ஊதும் விளிம்பு என்ற அடிப்படை யோசனை 1984க்கு உரியது. அதன் காலம் என்றோ முடிந்தது. புதிய கைப்பிடிகளுக்கும் இணைப்புகளுக்கும் காப்புரிமைகள் இருக்கலாம். அவற்றைச் சரிபார்த்துச் சுற்றிப்போவது வடிவமைப்பாளரின் அன்றாட வேலை. நகலெடுத்து விற்பதை நான் பரிந்துரைக்கவில்லை.

உயிருக்கு ஆபத்தான பொருளைக் கற்றுக்குட்டிகள் செய்யலாமா என்பதுதான் எனக்கே கனமாகத் தோன்றும் கேள்வி. பதிலின் ஒரு பகுதி பொருளின் இயல்பிலேயே இருக்கிறது. கைட் சர்ஃபிங் பட்டத்தைப் போல இருபது மீட்டருக்கு மேற்பட்ட கயிறுகளில் ஆளைத் தூக்கும் சாதனம் அல்ல இது. பிடியைவிட்டால் இழுப்பு அடங்கிவிடும். முன்குழாய் வெடித்தாலும், அதிலிருந்து சிறகின் நடுவே பின்னோக்கிப் போகும் நடுக்குழாயின் இணைப்பை அடைத்து வைத்திருந்தால், நடுக்குழாயில் காற்று நிற்கும், பலகையும் மிதக்கும். மறு பகுதி படிப்படியாகப் போவது. முதலில் பழுதுபார்ப்பு. கிழிந்த துணி, ஓட்டை விழுந்த பை, பெயர்ந்த வால்வு ஆகியவற்றை ராமேஸ்வரத்துப் பள்ளிகளுக்குச் சரிசெய்து தரும் கூடம் ஒன்று, எது எங்கே முதலில் உடைகிறது என்பதை எந்தப் பாடநூலையும்விட நன்றாகக் கற்கும். புதுச் சிறகு அதற்குப் பிறகு வரட்டும்.

இதில் மலைக்கு என்ன கிடைக்கும் என்று கேட்கலாம். அளந்துதான் சொல்ல வேண்டும். வெளிச் சந்தையின் பசி கொல்லிமலைக்கு முன்பே ஒரு பாடம் தந்திருக்கிறது. சாமையும் தினையும் விளைந்த காடுகளில் பல, கீழ்நாட்டு ஜவ்வரிசி ஆலைகளுக்காக மரவள்ளிக்கு மாறின. கிழங்கு கீழே இறங்கியது, மதிப்புக்கூட்டலும் கீழேயே நின்றது. மேலே ஏரியைச் சுற்றி விளையாட்டுக் கடைகள் போட்டாலும் அதே கதைதான் நடக்கும். சேந்தமங்கலத்திலோ காரவள்ளிப் பக்கமோ முப்பது பேர் வேலை செய்யும் ஒரு நுட்பத் தையல்கூடம் வந்தால், மலை இளைஞர்கள் சிலருக்கு நூற்பாலை வேலையைவிட நல்ல வேலை கிடைக்கும். அதற்கு மேல் வாக்குறுதி தருவது பொய்.

ராமநாதபுரம் மாவட்டம் பிரப்பன்வலசையில் ஒலிம்பிக் நீர் விளையாட்டு அகாதெமி அமைப்பதாகத் தமிழக அரசு அறிவித்திருக்கிறது. 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் நீரடி இறக்கை பூட்டிய பலகைகளும் பட்டங்களும் அறிமுகமாகிவிட்ட நிலையில், அங்கே பயிற்சிச் சிறகுகள் வாங்கும் நாள் தொலைவில் இல்லை. அந்தக் கொள்முதலில் ஒரு சிறு பங்கை, சிட்ராவோ பிஎஸ்ஜியோ சோதித்துச் சான்றளித்த உள்ளூர்ச் சிறகுகளுக்கும் பழுதுபார்ப்பு ஒப்பந்தத்துக்கும் ஒதுக்குங்கள் என்பதே விளையாட்டுத் துறைக்கும் கைத்தறி, துணிநூல் துறைக்கும் நான் வைக்கும் கோரிக்கை. வாசலூர்ப்பட்டி ஏரியைத் துடுப்புப் படகுகளுக்கே விட்டுவிடலாம்.