ஃபயர்வாலை அணைப்பது தீர்வல்ல

டோரன்ட், சிங்க்திங் போன்ற கோப்புப் பகிர்வு மென்பொருள்களில் இணைப்பு கிடைக்காவிட்டால், "ஃபயர்வாலை ஆஃப் பண்ணிப் பாருங்க" என்பதுதான் பலரும் சொல்லும் முதல் யோசனை. பெரும்பாலும் கோளாறு அப்படியே இருக்கும். பாதுகாப்பு மட்டும் போய்விடும். இவற்றில் கணினியும் கணினியும் நேரடியாகக் கோப்புகளைப் பரிமாறிக்கொள்கின்றன. அதற்கு, இரண்டில் ஒன்றாவது வெளியிலிருந்து வரும் இணைப்பை ஏற்க வேண்டும். அந்த இணைப்பு கணினியின் ஃபயர்வாலில் தடைபடலாம். வீட்டு ரவுட்டரில் தடைபடலாம். இணையச் சேவை நிறுவனத்திலேயே தடைபடலாம்.

பின்னிரண்டு தடைகளுக்கும் மூலகாரணம் முகவரிப் பஞ்சம். ஐபிவி4 முறையில் சுமார் 429 கோடி முகவரிகளே உண்டு. உலகப் பொது இருப்பு 2011 பிப்ரவரியில் தீர்ந்தது. இந்தப் பஞ்சத்தால் வீட்டுக் கருவிகள் பெரும்பாலும் 192.168 என்று தொடங்கும் தனி முகவரிகளை வைத்துக்கொண்டு, ஒரே பொது முகவரியைப் பகிர்கின்றன. கதவு எண் எழுதாமல் அடுக்குமாடிக் குடியிருப்புக்கு வந்த கடிதம்போல, வெளியிலிருந்து வரும் இணைப்பை எந்தக் கணினிக்கு அனுப்புவது என்று ரவுட்டருக்குத் தெரியாது. 'இந்தப் போர்ட் எண்ணுக்கு வருவதை இந்தக் கணினிக்கு அனுப்பு' என்று போர்ட் ஃபார்வர்டிங் அமைப்பு அதைச் சொல்லிக்கொடுக்கிறது. சிங்க்திங்குக்கு வழக்கமான போர்ட் 22000. ஆனால் பல நிறுவனங்கள் வாடிக்கையாளர்கள் பலரையும் ஒரே பொது முகவரிக்குப் பின்னால் வைக்கின்றன. இதற்கென்றே 100.64 முதல் 100.127 வரையிலான முகவரிகள் 2012இல் ஒதுக்கப்பட்டன. உங்கள் ரவுட்டரின் வான் ஐபி (இணையப் பக்கத்து முகவரி) அந்த வரம்புக்குள் இருந்தால், ரவுட்டரில் என்ன மாற்றினாலும் பயனில்லை.

ஆகவே சோதனைக்கு ஒரு வரிசை வேண்டும். ஒரே வைஃபையில் உள்ள இரு கணினிகள் இணையாவிட்டால், கணினியின் ஃபயர்வாலையும் கருவிகளை ஒன்றிடமிருந்து ஒன்று பிரித்துவைக்கும் ரவுட்டரின் கெஸ்ட் வைஃபை அமைப்பையும் பாருங்கள். விண்டோஸில் வீட்டு நெட்வொர்க் 'பப்ளிக்' என்று பதிவாகியிருந்தால் 'பிரைவேட்' ஆக்கி, அந்த ஒரு மென்பொருளுக்கு மட்டும் அனுமதி கொடுங்கள். வீட்டுக்குள் இணைந்து வெளியில் இணையாவிட்டால், ரவுட்டர் காட்டும் வான் ஐபியை, உங்கள் ஐபியைச் சொல்லும் இணையதளம் ஒன்று காட்டும் முகவரியோடு ஒப்பிடுங்கள். ஒன்றாக இருந்தால் போர்ட் ஃபார்வர்டிங் போதும். வேறாக இருந்தால் நிறுவனத்திடம் பொது ஐபி கேட்பது ஒரு வழி.

'ரவுட்டர்தான் காக்கிறதே, ஃபயர்வால் எதற்கு?' என்று கேட்கலாம். விடுதியிலும் கல்லூரியிலும் அந்நியக் கணினிகள் ரவுட்டருக்கு உள்ளேயே இருக்கின்றன. 2003இல் பிளாஸ்டர் என்ற புழு, பயனர் எதையும் சொடுக்காமலே விண்டோஸ் கணினிகளுக்குள் புகுந்தது. மறு ஆண்டு வந்த விண்டோஸ் எக்ஸ்பி சர்வீஸ் பேக் 2இல் ஃபயர்வால் தானாகவே இயங்கும்படி அமைக்கப்பட்டது. 'ரவுட்டரில் உள்ள யூபிஎன்பி வசதி தானே போர்ட்டைத் திறக்குமே' என்பதும் உண்மைதான்; ஆனால் வீட்டுக் கணினியில் புகுந்த தீய மென்பொருள் கேட்டாலும் அது திறந்துவிடும். இடையில் நின்று தரவைக் கடத்தும் ரிலே சர்வர் கைகொடுக்கும் என்றாலும் நேரடி இணைப்பின் வேகம் பொதுவாக அதில் கிடைக்காது.

நிலையான தீர்வு ஐபிவி6. அதில் ஒவ்வொரு கருவிக்கும் சொந்தப் பொது முகவரி கிடைக்கும். முகவரியை மறைக்கும் ரவுட்டர் திரை இல்லாததால் ஃபயர்வாலின் தேவை இன்னும் கூடும். சேவை நிறுவனத்திடம் ஐபிவி6 கேளுங்கள். ஃபயர்வாலை இயங்கவிட்டு, தேவையான ஒரு போர்ட்டை மட்டும் திறங்கள்.