தோள் தழும்பும் தப்பொலியும்

“எனக்குத் தழும்பு இருக்கிறது, ஐயா; காசநோய் வராது” என்று வகுப்பில் மாணவர் கூறக் கேட்டிருக்கிறோம். இரத்தினபுரி, கேகாலைத் தோட்டங்களிலிருந்து வரும் பிள்ளைகளின் இடது தோளருகே காணும் சிறு வடு, பி.சி.ஜி. தடுப்பூசியின் அடையாளம். இலங்கையில் 1949 இல் அறிமுகமான இவ்வூசி, இன்று பிறந்த குழந்தை மருத்துவமனையை விட்டு வீடு செல்லுமுன்னரே ஏற்றப்படுகின்றது. அத்தழும்பு தரும் காவல் எத்தகையது?

நமது இழையங்களில் பெருவிழுங்கிகள் என்னும் கலங்கள் உள்ளன. அவை கிருமியை விழுங்கித் துண்டாக்கி, அதன் துணுக்கைத் தம் மேற்பரப்பிலுள்ள ஏந்து மூலக்கூறுகளில் வைத்துக் காட்டுகின்றன. எச்.எல்.ஏ.–டி.ஆர். என்பது மனிதரில் அத்தகைய மூலக்கூறுகளுள் ஒன்று. அத்துணுக்கைப் பார்த்தே டி-கலம் பகையை இனங்காண்கின்றது. தடுப்பூசியிலுள்ள வலிகுன்றிய கிருமியை இவ்வாறு கண்ட டி-கலங்கள் அதனை நினைவிற் கொள்கின்றன.

முன்னாளில் தோட்டத்தில் விடியுமுன் தப்பு முழங்கும். லயங்களிலிருந்து ஆட்கள் பிரட்டுக்களத்திற் கூடுவர். உடலிலும் அத்தகைய அழைப்பு உண்டு. சைற்றோகைன்கள் என்னும் புரதங்களே அவ்வழைப்பு. பகையைக் கண்ட டி-கலம் இன்டர்பெரோன் காமா என்னும் சைற்றோகைனைச் சுரக்கின்றது. அது எட்டியதும் பெருவிழுங்கியின் ஏந்து மூலக்கூறுகள் பெருகுகின்றன. கிருமியைக் கொல்லும் ஆற்றலும் வளர்கின்றது. ஆயினும் தப்பு ஓயாது முழங்கினால் சொந்த இழையமே புண்படும். எனவே இன்டர்லூகின் 10 என்னும் வேறொரு சைற்றோகைன் அம்மூலக்கூறுகளைக் குறைத்துப் போரைத் தணிக்கின்றது.

இவ்வழைப்பின்றி உடல் என்னாகும் என்பதை 1996 இல் வெளிவந்த ஓர் ஆய்வு காட்டிற்று. தூனிசியக் குழந்தை ஒன்றுக்கு, இன்டர்பெரோன் காமாவை ஏற்கும் வாங்கி பிறவியிலேயே பழுதாயிருந்தது. பி.சி.ஜி.யின் வலிகுன்றிய கிருமியே அதன் உயிரைப் பறித்தது. இக்குறை மிக அரிது; ஆதலின் பெற்றோர் அஞ்ச வேண்டியதில்லை.

காசநோய்க் கிருமியின் தந்திரமும் இங்கேயே உள்ளது. தன்னை விழுங்கிய கலம் அவ்வழைப்புக்குச் சரிவரச் செவிசாய்க்காதபடி அது தடுக்கின்றது. ஏந்து மூலக்கூறுகள் குறையவே, கிருமி கலத்தினுள் மறைந்து வாழ்கின்றது. ஊட்டக்குறைவும் நீரிழிவும் அதற்குத் துணையாகின்றன. பி.சி.ஜி. குழந்தைகளை மூளைக்காய்ச்சல் போன்ற கடுங்காசநோயினின்று பெரிதும் காக்கும். பெரியோரின் நுரையீரலுக்கு அத்தகைய உறுதி தராது.

ஆகவே தழும்பை நம்பி இருமலை அலட்சியம் செய்தல் தகாது. ஓரறையில் பலர் உறங்கும் லயத்தில், ஒருவர் நோயை மறைப்பது வீட்டார் அனைவருக்கும் தீங்காகும். இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் நீடித்தால் சளியைச் சோதிப்பிக்க வேண்டும். அரசாங்க மார்புநோய்ச் சிகிச்சை நிலையங்களில் மருந்து இலவசம். பொதுவாக ஆறு மாதம் உட்கொள்ள வேண்டும். இருமல் தணிந்ததும் நிறுத்தலாகாது. இந்நோயில் வெட்கத்துக்கு இடமில்லை. நம் மாணவர் இதனைத் தத்தம் வீட்டாருக்கு எடுத்துரைப்பாராக.