80 டாலர் தட்டின் கணக்கு

அமெரிக்காவில் பணிபுரியும் மகனையோ மகளையோ காணச் செல்லும் பெற்றோர், பயணத்துக்கு முன் நம் கிளைக்கு வருவது வழக்கம். அந்நியச் செலாவணி அட்டை பெறுவார்கள். காப்பீடு பற்றிக் கேட்பார்கள். இறுதியில் சற்றுத் தயக்கத்துடன் ஒரு கேள்வி எழும். "அங்கே சாப்பாட்டுக்கு எவ்வளவு ஆகும் சார்?" பிள்ளைகள் கலிபோர்னியாவில் இருந்தால், பெற்றோரை லாஸ் வேகாஸ் நகருக்கு அழைத்துச் செல்வது ஏறத்தாழ உறுதி. லாஸ் ஏஞ்சல்ஸ் நகரிலிருந்து காரில் நான்கைந்து மணி நேரப் பயணம்தான். அங்கே போனவர்கள் எல்லாரும் தவறாமல் சொல்வது, சூதாட்ட விடுதிகளின் பஃபே விருந்தைப் பற்றி. ஒரு கட்டணம் செலுத்திவிட்டு வேண்டிய அளவு உண்ணலாம். நம் ஊர் உணவகப் பலகைகளின் மொழியில் சொன்னால், அளவுச் சாப்பாடு அன்று, முழுச் சாப்பாடு.

சென்ற ஆண்டு நாங்களும் குடும்பத்துடன் அந்நகருக்குச் சென்றிருந்தோம். அங்கே ஒரு தட்டுக்கு நாங்கள் தவறாகவும், பின்னர் சரியாகவும் போட்ட கணக்கை வாடிக்கையாளர்களுடன் பகிர்ந்துகொள்வது பயன் தரும் என்று கருதுகிறோம்.

மலிவாகத் தொடங்கிய விருந்து

நெவாடா மாநிலம் சூதாட்டத்தைச் சட்டபூர்வமாக்கியது 1931ஆம் ஆண்டில். பத்தாண்டுகள் கழித்து, 1941இல், பின்னாளில் 'ஸ்ட்ரிப்' என்று பெயர் பெற்ற நெடுஞ்சாலையின் ஓரத்தில் எல் ராஞ்சோ வேகாஸ் என்னும் முதல் பெரும் விடுதி திறக்கப்பட்டது. அளவில்லா உணவு என்னும் வழக்கம் இந்நகரில் வேரூன்றியது 1940களில், அந்த விடுதியில்தான். இரவு நிகழ்ச்சி முடிந்ததும் விருந்தினர் பசியோடு வெளியே போய்விடக் கூடாது. போனால் ஆட்ட மேசைகள் வெறிச்சோடும். எனவே நள்ளிரவில் நீண்ட மேசையில் உணவைப் பரப்பி, ஒரு டாலர் அளவிலான சிறு கட்டணத்துக்கு வேண்டுமளவு உண்ணலாம் என்று அறிவித்தார்கள். மற்ற விடுதிகளும் அவ்வழியைப் பின்பற்றின.

வணிகவியல் பயின்றவர்களுக்கு இது பழக்கமான உத்தி. ஒரு பொருளை நட்டத்துக்கு விற்று வாடிக்கையாளரை உள்ளே அழைத்து, வேறொன்றில் அந்த நட்டத்தை ஈடுசெய்வது. இன்றும் பல விடுதிகளில் பஃபே கூடத்துக்குச் செல்லும் வழி சூதாட்டக் கூடத்தின் நடுவேதான் போகிறது. மலிவான சாப்பாட்டின் மீதி விலையை அந்தக் கூடத்தில் அமர்ந்திருந்தவர்கள் செலுத்திக்கொண்டிருந்தார்கள்.

காலம் மாறியது. 1990களின் இறுதியிலிருந்து ஸ்ட்ரிப்பின் பெரும் விடுதிகளுக்குச் சூதாட்டத்தைவிட அறை, உணவு, நிகழ்ச்சிகள் ஆகியவற்றால் வரும் வருவாய் மிகுந்தது. உணவுப் பிரிவும் தன் காலில் நின்று இலாபம் காட்ட வேண்டியதாயிற்று. 2020 மார்ச் மாதத்தில் பெருந்தொற்றால் விடுதிகள் அனைத்தும் மூடப்பட்டன. ஜூன் மாதத்தில் கதவுகள் மீண்டும் திறந்தபோதும் பல பஃபே கூடங்கள் திறக்கவே இல்லை. பணியாளர் செலவும் வீணாகும் உணவும் மிகுதி என்பதால், சிறு கடைகள் வரிசையாக அமைந்த உணவு மண்டபங்களை அவ்விடங்களில் அமைத்துக்கொண்டார்கள். எஞ்சியவற்றுள் சீசர்ஸ் பேலஸ் விடுதியின் பேக்கனல், வின் விடுதியின் பஃபே, காஸ்மோபாலிட்டன் விடுதியின் விக்கெட் ஸ்பூன் ஆகியவை பெயர் பெற்றவை. இத்தகைய கூடங்களின் உச்சியில் இரவு விருந்து 80 டாலரை ஒட்டியோ தாண்டியோ நிற்கிறது. "வேகாஸில் சாப்பாடு மலிவு" என்று இருபது ஆண்டுகளுக்கு முன் போய்வந்தவர்கள் சொன்னால், அது அக்காலத்து உண்மை.

எங்கள் மாமனாரின் தட்டு

எங்கள் மாமனார் ஓய்வு பெற்ற புவியியல் ஆசிரியர், சைவ உணவினர். எங்கள் மைத்துனர் அவரை முதல் நாள் இரவே ஸ்ட்ரிப்பில் உள்ள ஒரு பெரிய விடுதியின் விருந்துக்கு அழைத்துச் சென்றார். ஒரு மணி நேரத்துக்கும் மேல் வரிசையில் நின்றோம். உள்ளே நண்டுக் கால்கள் பனிக்கட்டியின் மேல் குன்றாகக் குவிந்திருந்தன. வெள்ளைத் தொப்பி அணிந்த சமையற்காரர் மாட்டு விலா இறைச்சியை அரிந்து அரிந்து வைத்துக்கொண்டிருந்தார். கூட்டம் முழுவதும் அவ்விரண்டு இடங்களில்தான். மாமனார் ஒரு சுற்றுச் சுற்றி வந்து, ஒரு ரொட்டி, மசித்த உருளைக்கிழங்கு, கொஞ்சம் காய்க்கலவை, இரண்டு துண்டு தர்ப்பூசணி ஆகியவற்றுடன் அமர்ந்தார்.

மேசையின் ஓரத்தில் கிடந்த இரசீதை அவர் பார்த்துவிட்டார். "மாப்பிள்ளை, இது நாலு பேருக்கா, ஒருவருக்கா?" என்று கேட்டார். ஒருவருக்கு என்றோம். பிறகு ஒன்றும் பேசவில்லை. மகன் செலவிட்ட பணத்துக்கு நியாயம் செய்தாக வேண்டும் என்று எண்ணினார் போலும், எழுந்து போனார். பாலாடைக்கட்டி இட்ட மாவுப் பண்டம் ஒரு தட்டு, பிறகு மூன்று வகைக் கேக், பிறகு ஐஸ்கிரீம். எழுபது வயதில், இரவு ஒன்பதரை மணிக்கு. நாங்களும் தடுக்கவில்லை. "நன்றாகச் சாப்பிடுங்கள், காசு கொடுத்தாயிற்றே" என்று ஊக்கப்படுத்தினோம்.

மறுநாள் ஹூவர் அணைக்குச் செல்வதாக ஏற்பாடு. நகரிலிருந்து ஏறத்தாழ 50 கிலோமீட்டர். 1930களில் கொலராடோ ஆற்றின் குறுக்கே கட்டப்பட்ட அந்த அணையைக் கரும்பலகையில் வரைந்து பல ஆண்டுகள் பாடம் நடத்தியவர் அவர். அமெரிக்காவில் எதைப் பார்க்க வேண்டும் என்று மகன் கேட்டபோது அவர் சொன்ன ஒரே இடமும் அதுதான். ஆனால் இரவு முழுவதும் வயிற்றுக் கோளாறு. பகல் முழுவதும் அறையில் படுத்திருந்தார். "அணைக்கு நீங்கள் போய்வாருங்கள்" என்றார். ஒருவரும் போகவில்லை.

உண்மை விலை எவ்வளவு?

அன்று பகல் அறையில் அமர்ந்து நாங்கள் போட்ட கணக்கு இது. பலகையில் காணும் விலை 80 டாலர் என்று கொள்வோம். அங்கே விற்பனை வரி 8.375 விழுக்காடு, அதாவது 6.70 டாலர். தட்டு எடுத்துச் செல்லும் பணியாளருக்கு அன்பளிப்பு 5 டாலர். ஆக 91.70 டாலர். டாலருக்கு 85 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் 7,795 ரூபாய். சாதாரணக் கடன் அட்டையில் செலுத்தினால், அந்நியச் செலாவணி மாற்றுக் கட்டணம் 3.5 விழுக்காடு வரை இருக்கும். அது 273 ரூபாய். அக்கட்டணத்தின்மீது 18 விழுக்காடு ஜி.எஸ்.டி. 49 ரூபாய். மொத்தம் ஏறத்தாழ 8,117 ரூபாய். நால்வருக்கு 32,000 ரூபாய்க்கு மேல்.

இக்கணக்கில் காணாத செலவும் உண்டு. இரவு விருந்தின் கட்டணத்தை உயர்த்துபவை நண்டும் உயர்வகை இறைச்சியும். அவற்றைத் தொடாத சைவ உணவினர், பக்கத்து மேசைக்காரரின் நண்டுக்கும் சேர்த்துப் பணம் செலுத்துகிறார். குறைவாக உண்ணும் முதியவரின் நிலையும் அதுவே.

இன்னொன்று, எங்கள் மாமனார் செய்த பிழை. உண்மையில் அது எங்கள் பிழை. நுழைவாயிலில் செலுத்திய பணம் செலுத்தியதுதான். ஒரு கவளம் உண்டாலும் நூறு கவளம் உண்டாலும் அதில் ஒரு காசு திரும்புவதில்லை. திரும்பாத பணத்தை மீட்பதாக எண்ணி மேலும் இழப்பதை, முதலீட்டு ஆலோசனை கேட்டு வருவோரிடம் நாள்தோறும் எச்சரிக்கிறோம். சோற்றுத் தட்டின் முன் அதை நாங்களே மறந்தோம்.

நல்ல மதிப்பு எங்கே கிடைக்கும்?

முதலாவது, நேரம். ஒரே கூடத்தில், ஒரே சமையலறையில், வார நாளின் காலை அல்லது நண்பகல் விலை இரவு விலையைவிடத் தெளிவாகக் குறைவு. வார இறுதி நாள்களிலும் விடுமுறை நாள்களிலும் விலை ஏறும். முட்டை, ரொட்டி வகைகள், பழங்கள், தயிர், உருளைக்கிழங்கு எனக் காலை உணவில் நம்மவர்க்கு ஏற்றவை மிகுதி. முற்பகல் பத்து மணியளவில் நிறைவாக உண்டால், மதிய உணவின் செலவும் மிச்சமாகும்.

இரண்டாவது, இடம். ஸ்ட்ரிப்பை விட்டு விலகினால் விலை இறங்குகிறது. நகரின் தென்கோடியில் உள்ள சவுத் பாயிண்ட், ஸ்ட்ரிப்புக்கு மேற்கே உள்ள பாம்ஸ் ஆகிய விடுதிகளுக்கு உள்ளூர் மக்களே வாடிக்கையாகச் செல்கிறார்கள். சவுத் பாயிண்டில் காலை உணவு 20 டாலரை ஒட்டியே கிடைக்கிறது. மேற்சொன்ன முறையில் வரியும் 3 டாலர் அன்பளிப்பும் மற்றவையும் சேர்த்தால் ஏறத்தாழ 2,200 ரூபாய். இரவு விருந்தில் நான்கில் ஒரு பங்கைச் சற்றே தாண்டுகிறது. ஆனால் போக்குவரத்தையும் கணக்கில் கொள்க. காரில் நால்வர் சென்றால் இலாபம்; அங்கே வண்டி நிறுத்தக் கட்டணமும் இல்லை. வாடகை வண்டியில் இருவர் மட்டும் சென்றால், மிச்சப்பட்டது வண்டிக்கே போய்விடலாம். ஸ்ட்ரிப்பிலேயே தங்குவோர், அங்குள்ள விடுதி ஒன்றின் வார நாள் காலை உணவைத் தேர்ந்தெடுப்பது நலம்.

மூன்றாவது, உண்பவர். நண்டும் இறைச்சியும் விரும்பி உண்ணும் இளைஞர்க்கு 80 டாலர் விருந்து ஒருமுறை தகும். அவற்றைத் தனியே வாங்கினால் அதைவிடக் கூடுதலாகும். மற்றவர்க்குத் தகாது. குடும்பம் முழுவதும் ஒரே இடத்தில் உண்டாக வேண்டும் என்பதில்லை. சிறுவர்க்குக் குறைந்த கட்டணம் பல இடங்களில் உண்டு, கேட்டுப் பெறுக.

சைவ உணவினர் ஒன்றைக் கவனிக்க வேண்டும். காய்கறிச் சூப்பில் கோழிச் சாறு இருக்கலாம். அவரையில் பன்றிக் கொழுப்பு இருக்கலாம். இனிப்புக் கூழில் ஜெலட்டின் இருக்கலாம். பெயரட்டையை மட்டும் நம்பாமல் சமையற்காரரிடம் கேட்டால், பொறுமையாக விடை சொல்கிறார்கள்.

விலைகளும் நேரங்களும் அடிக்கடி மாறுகின்றன. சில கூடங்கள் உண்ணும் நேரத்துக்கும் வரம்பு வைத்துள்ளன. புறப்படும் நாளன்று காலையில் விடுதியின் இணையதளத்தைப் பார்த்து, இயன்றால் முன்பதிவு செய்துகொள்வது வரிசையில் நிற்கும் நேரத்தை மிச்சப்படுத்தும்.

அட்டையை எடுக்குமுன்

டாலர் நிரப்பிய அந்நியச் செலாவணி அட்டையில் டாலராகவே செலவிட்டால் மாற்றுக் கட்டணம் எழுவதில்லை. கட்டணக் கருவி, "ரூபாயில் செலுத்தலாமா, டாலரிலா?" என்று கேட்டால் டாலரையே தேர்ந்தெடுங்கள்; ரூபாயைத் தேர்ந்தெடுத்தால் கருவியின் உரிமையாளர் வைத்த மாற்று விகிதத்துக்கு நீங்கள் உடன்பட்டதாகும். சூதாட்டக் கூடத்துள் இருக்கும் ஏ.டி.எம். கருவிகளின் கட்டணம் மிகுதி. பணம் வேண்டுமாயின் வெளியே எடுங்கள். கடன் அட்டையில் ரொக்கம் எடுத்தால் அந்நாளிலிருந்தே வட்டி ஓடும்.

தாராளமயப் பணம் அனுப்பும் திட்டத்தில் ஒருவர் ஒரு நிதியாண்டில் 2,50,000 டாலர் வரை வெளிநாட்டுக்கு அனுப்ப இயலும் என்றாலும், லாட்டரிச் சீட்டு, பந்தயச் சீட்டு போன்றவற்றுக்காக அனுப்புவதை விதிகள் விலக்கியுள்ளன. சில விடுதிகள் இலவச உறுப்பினர் அட்டை தந்து, உணவு விலையில் தள்ளுபடி அளிக்கின்றன. தள்ளுபடியைப் பெறலாம், அந்த அட்டை ஆட்டக் கருவியில் செருகுவதற்காக உருவானது என்பதையும் நினைவில் வைக்கலாம்.

மூன்றாம் நாள்

மாமனார் தேறியதும், மாலை நிகழ்ச்சிக்கு எடுத்திருந்த சீட்டுகளை விட்டுவிட்டு ஹூவர் அணைக்கு ஒரு நாள் ஒதுக்கினோம். காலையில், ஸ்ட்ரிப்பை விட்டு விலகிய ஒரு விடுதியில் பஃபே. இம்முறை விலையை அவரிடம் முன்னதாகவே சொல்லிவிட்டோம். இரண்டு ரொட்டி, தயிர், பழம், ஒரு கோப்பைக் காப்பி. "போதுமா அப்பா?" என்று மகன் கேட்டார். "போதும்" என்றார் அவர். நாங்களும் வற்புறுத்தவில்லை.

பகல் பன்னிரண்டு மணி வெயிலில் அணையின் மேல் நின்று, ஆறு எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது, எங்கே தேங்குகிறது, நீர் எவ்வழியே இறங்கி மின்னாக்கியைச் சுழற்றுகிறது என்று ஒன்றரை மணி நேரம் எங்களுக்குப் பாடம் நடத்தினார். எங்கள் ஆறு நாள் பயணத்தில் மாமனார் மகிழ்ந்து பேசியது அப்பொழுதுதான்.

வெளிநாட்டுப் பயணம் திட்டமிடும் வாடிக்கையாளர்கள், புறப்படுவதற்கு இரண்டு வாரங்கள் முன்னதாகத் தம் கிளையை அணுகி, அட்டை, செலாவணி, காப்பீடு ஆகியவற்றைப் பற்றிக் கேட்டறியுமாறு வேண்டுகிறோம். சாப்பாட்டுக்கு எவ்வளவு ஆகும் என்பதையும் தயங்காமல் கேளுங்கள்.