செலவு, வருவாய், இலாபம்: இயற்கணிதச் சொற்கணக்குகள்

ஒரு பொருளைத் தயாரிக்க ஆகும் செலவு, அதை விற்றுக் கிடைக்கும் வருவாய், இரண்டிற்கும் இடையிலுள்ள வேறுபாடான இலாபம் ஆகியவற்றைச் சமன்பாடுகளாக எழுதித் தீர்ப்பது இயற்கணிதத்தின் பயன்பாடுகளுள் ஒன்றாகும். இலாபம் = வருவாய் − செலவு என்ற தொடர்பே இக்கணக்குகளின் அடிப்படை. விடை சுழியத்தைவிடக் குறைவாக வந்தால் அது நட்டம். சூத்திரம் எளிது, தவறுகள் பெரும்பாலும் சொற்களைச் சமன்பாடாக மாற்றும்போதே நேர்கின்றன.

செலவின் இரு பகுதிகள்

எவ்வளவு தயாரித்தாலும் மாறாமல் இருப்பது மாறாச் செலவு. தயாரிக்கும் எண்ணிக்கைக்கு ஏற்பக் கூடுவது மாறும் செலவு. இட்லி மாவு அரைத்து விற்கும் ஒருவருக்கு இடத்துக்கும் இயந்திரத்துக்கும் நாள் வாடகை 600 ரூபாய் எனவும், ஒரு பாக்கெட்டுக்கு அரிசி, உளுந்து, உறை முதலியவற்றுக்கு 28 ரூபாய் எனவும், விற்பனை விலை 40 ரூபாய் எனவும் கொள்வோம். பாக்கெட்டுகளின் எண்ணிக்கை 'எ' எனில்,

செலவு = 600 + 28எ
வருவாய் = 40எ
இலாபம் = 12எ − 600

இலாபம் சுழியமாகும் இடம் இலாப நட்டமற்ற புள்ளி எனப்படும். 12எ = 600 என்பதால் எ = 50. நாளொன்றுக்கு 80 பாக்கெட் விற்றால் இலாபம் 360 ரூபாய். 12-ஐ 80-ஆல் பெருக்கி 960 என்று நிறுத்திவிடுவது மாணவர்கள் அடிக்கடி செய்யும் பிழை. வாடகை அங்கே விடுபட்டுப் போகிறது.

தயாரித்ததும் விற்றதும்

மேலுள்ள சமன்பாட்டில் ஒரு கருதுகோள் மறைந்திருக்கிறது: தயாரித்தவை அனைத்தும் விற்றுவிடுகின்றன. மாவோ புளித்துவிடும் பொருள். 80 பாக்கெட் தயாரித்து 60 மட்டுமே விற்று, மீதி வீணானால் வருவாய் 2,400 ரூபாய்; செலவு 600 + 28 × 80 = 2,840 ரூபாய். 50-ஐத் தாண்டி விற்றிருந்தும் 440 ரூபாய் நட்டம். 80 தயாரித்த நாளில் முதல் திரும்ப 2,840 ÷ 40 = 71 பாக்கெட் விற்றாக வேண்டும். எனவே, கணக்கில் 'தயாரித்தார்', 'விற்றார்' என இரு எண்ணிக்கைகள் வந்தால் இரண்டுக்கும் தனித்தனி மாறி தேவை.

விலை மாறும் கணக்குகள்

விலையை உயர்த்தினால் விற்பனை குறையும் என்ற நிபந்தனை சேரும்போது இருபடிச் சமன்பாடு தோன்றுகிறது. தேவைக்கு மேல் தயாரிப்பதில்லை என்றும், ஒவ்வொரு ரூபாய் உயர்வுக்கும் 2 பாக்கெட் விற்பனை குறைகிறது என்றும் கொள்வோம். உயர்வு 'உ' ரூபாய் எனில்,

வருவாய் = (40 + உ)(80 − 2உ) = 3200 − 2உ²
இலாபம் = (12 + உ)(80 − 2உ) − 600 = 360 + 56உ − 2உ²

வருவாய் மிக அதிகமாவது உ = 0 ஆகும்போது, அதாவது பழைய விலையிலேயே. இலாபம் அப்படியல்ல. அதை வர்க்கப் பூர்த்தி செய்தால் 752 − 2(உ − 14)² என வரும். ஆகவே விலை 54 ரூபாய், விற்பனை 52 பாக்கெட், இலாபம் 752 ரூபாய். வருவாய் 3,200-லிருந்து 2,808-ஆகக் குறைந்தும், இலாபம் இரு மடங்குக்கு மேல் ஆகிறது. 'அதிகபட்ச வருவாய்' கேட்கும் வினாவுக்கு அதிகபட்ச இலாபத்தின் விலையை எழுதினால் விடை தவறு என்பது இதிலிருந்து தெளிவாகும்.

இரண்டும் ஒன்றாகும் நிலையும் உண்டு. பிரெஞ்சுக் கணிதவியலாளர் கூர்னோ 1838-இல் வெளியிட்ட நூலில், உற்பத்திச் செலவே இல்லாத ஒரு கனிமநீர் ஊற்றின் உரிமையாளரை எடுத்துக்காட்டாகக் கொண்டார். அவருக்கு வருவாய் மிகும் விலையே இலாபம் மிகும் விலையும் ஆகும்.

மாவுக் கணக்கில் வாடகை 700 ரூபாய் ஆனால் இலாபம் 652-ஆகக் குறையும். சிறந்த விலை 54-ஆகவே நிற்கும், ஏனெனில் மாறிலி உறுப்பு மட்டுமே மாறுகிறது. வாடகை பழைய 600-ஆகவே இருந்து, மாறும் செலவு 28-லிருந்து 30 ரூபாய் ஆனால் இலாபம் (10 + உ)(80 − 2உ) − 600 ஆகிறது. இப்போது உ = 15, விலை 55 ரூபாய், இலாபம் 650 ரூபாய். செலவு 2 ரூபாய் ஏறியும், சிறந்த விலை 1 ரூபாய் மட்டுமே ஏறுகிறது.