தார் வீதியைத் தின்னும் தண்ணீர்

போட்டு இரண்டு மாரி கழியுமுன் குழி விழுந்த தார் வீதிகளை நாம் கண்டிருக்கிறோம். பாரமான லொறிகள் ஓடியதே காரணம் என்கிறோம். பாரமும் காரணந்தான். ஆனால் அந்தப் பாரத்துக்கு வழி திறந்துவிடுவது பெரும்பாலும் தண்ணீரே.

தார் ஏன் கழருகிறது?

சல்லிக்கல்லும் தாரும் ஒட்டி நிற்பதே வீதியின் பலம். வெடிப்பினால் இறங்கும் நீர் இரண்டுக்கும் இடையே புகுந்து தாரைக் கல்லிலிருந்து விலக்குகிறது. சில்லு ஏறும்போது அந்த நீர் அமுக்கப்பட்டு மேலும் உள்ளே பாய்கிறது. எல்லாக் கல்லும் ஒன்றல்ல. சுண்ணாம்புக்கல்லில் தார் நன்கு ஒட்டும். படிகம் மிகுந்த கருங்கல்லிலோ நீர் எளிதில் தாரை விலக்கிவிடும்.

எப்படிச் சோதிக்கிறார்கள்?

1970களில் அமெரிக்காவில் லொட்மன் என்னும் பொறியியலாளர் வகுத்த முறையை ஒட்டிய சோதனை இன்று பல நாடுகளில் நடைபெறுகிறது. தார்க்கலவையில் ஆறு உருளைக் கட்டிகள் செய்வார்கள். அவற்றினுள்ளே ஏறத்தாழ 7 வீதம் காற்றிடம் இருக்கும். மூன்றை உலர வைப்பார்கள். மற்ற மூன்றின் காற்றிடங்களில் பெரும்பகுதியை நீரால் நிரப்பி, 60 பாகை செல்சியஸ் வெந்நீரில் 24 மணி நேரம் வைப்பார்கள். பின்பு எல்லாவற்றையும் 25 பாகைக்குக் கொண்டுவந்து, பக்கவாட்டில் அமுக்கிப் பிளப்பார்கள். நனைந்த கட்டிகளில் உலர்ந்தவற்றின் பலத்தில் 80 வீதமாவது மிஞ்சவேண்டும் என்பது பொதுவான அளவு. குறைந்தால், கலவையில் 1 வீதமளவு நீற்றிய சுண்ணாம்புத்தூள் சேர்ப்பது நல்ல பரிகாரம்.

இதைவிட எளிய சோதனையும் உண்டு. தார் பூசிய சல்லியைக் கொதிநீரில் 10 நிமிடம் விட்டு, எவ்வளவு தார் கழன்றது என்று கண்ணாலே பார்ப்பார்கள்.

நாம் செய்யக்கூடியவை

சொந்த ஊர் திரும்பினாலும், வந்த இடத்திலேயே நிலைத்தாலும், நம் நெல் சந்தைக்கும் நோயாளி ஆஸ்பத்திரிக்கும் போவது வீதியால்தான். ஆகவே வீதி போட வருவோரிடம், "கலவைக்கு ஈரச் சோதனை செய்தீர்களா? எத்தனை வீதம் வந்தது?" என்று கிராம அபிவிருத்திச் சங்கத்தின் மூலம் கேட்போம்.

நல்ல கலவையும் தேங்கிய நீரில் நெடுநாள் நில்லாது. எனவே:

- புரட்டாசிக்குள் சிரமதானம் வைத்து, வீதியோர வாய்க்காலையும் மதகையும் துப்புரவாக்குவோம்.
- வீதிக்கரை மண் தாரைவிட உயர்ந்திருந்தால் வெட்டிச் சரித்துவிடுவோம்.
- வயலுக்கு நீர் கொண்டுபோக வீதியை வெட்டாமல், குழாய் வைத்துத் தரும்படி கேட்போம்.
- சிறு வெடிப்பைக் கண்டதும் பிரதேச சபைக்கு எழுதுவோம். வெயில் காலத்தில் அடைத்த வெடிப்பு மாரியில் குழியாகாது.